பரவை ஈமத்தாழிகள்

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையில், வைகையின் வடபுறம் அமைந்த பேரூர் பரவை. ஊர்ப்பெயரைச் சொன்னால் பலருக்கும் நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மாதான் நினைவுக்கு வருவார். தொல்லியலாருக்கோ இவ்வூர் இரும்புக்கால ஈமத்தாழிகளால் தெரிந்த ஊர். இங்கும் அனுப்பானடியிலும் 1880களில் அகழ்ந்தவர் அலெக்சாண்டர் ரீ. அவரது கட்டுரை 1888இல் வங்காள ஆசியச் சங்க இதழில் வெளிவந்தது. அவருக்குப் பெரும்பெயர் தேடித்தந்த ஆதிச்சநல்லூர் அகழாய்வு அதற்குப் பத்தாண்டு பிந்தியது.

தாழி என்பது வாய் அகன்று அடி குவிந்த பெரிய மட்பாண்டம். இறந்தவரின் எலும்புகளை, சில இடங்களில் உடலையே, அதில் இட்டு, சிறு கலங்களையும் இரும்புக் கருவிகளையும் உடன்வைத்துப் புதைத்தனர். உள்ளே கறுத்தும் வெளியே சிவந்தும் இருக்கும் கலங்கள் இக்காலத்தின் அடையாளம். கவிழ்த்துச் சுட்டதால் வந்த நிறம் அது.

ரீயின் கட்டுரை வந்த அதே 1888இல்தான், எகிப்தின் லக்சரில் வாலிஸ் பட்ஜ் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக, இறந்தவரோடு வைக்கும் ஏட்டுச்சுருளான ஆனி பாப்பிரசை வாங்கினார். ஆனி கி.மு. 1250 அளவில் வாழ்ந்த உயர்நிலை எழுத்தர். மறுமைப் பயணத்துக்கான மந்திரங்களும், அவர் இதயத்தை மாஅத் தேவியின் இறகுக்கு எதிரே தராசில் நிறுக்கும் காட்சியும் கொண்ட அச்சுருள் சுமார் 24 மீட்டர் நீளம். அதன் சில பகுதிகள் பெயருக்கு இடம் விட்டு முன்கூட்டியே எழுதப்பட்டவை. ஆனியின் பெயர் பிறகு நிரப்பப்பட்டது. பட்ஜ் அதை 37 துண்டுகளாக வெட்டியது மன்னிக்க முடியாத வேலை.

பரவைத் தாழிக்குள் கிடந்தவர் யாரென்று சொல்ல இப்படி ஓர் ஏடு கிடையாது. தாழியைப் பற்றிய சொல்லைப் புறநானூற்றில்தான் தேட வேண்டும். 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார், இறந்த சோழன் கிள்ளிவளவனுக்கு ஏற்ற தாழியை வனைய முடியுமா என்று குயவனைக் கேட்கிறார். 256இல் கணவனை இழந்தவள் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனையச் சொல்கிறாள். மறுமையில் என்ன நடக்கும் என்பதைவிடப் பிரிவின் துயரமே இவற்றில் பெரிது.

கீழடியை அடுத்த கொந்தகைத் தாழிகளின் எலும்புகளை இன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வுக்கு உட்படுத்துகின்றனர். அத்தகைய ஆய்வுக்குத் தாழி கலையாமல் கிடைக்க வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது தாழி தென்பட்டால் உடைக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.