எஞ்சிய பொருளும் இல்லக் கைவினையும்

அரசர்களின் வரலாற்றுக்குக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் சான்று பகர்கின்றன. ஏழைக் குடும்பத்தின் வரலாற்றுக்கோ அத்தகைய சான்றுகள் இல்லை. அடுப்படியில் தொங்கிய சிரட்டை அகப்பை, மூலையில் சாத்தப்பட்ட ஈர்க்குமாறு, பால் தகரத்தால் ஆகிய மண்ணெண்ணெய் விளக்கு ஆகியவையே அதன் ஆவணங்கள். அவை தேய்ந்தன, உடைந்தன, இறுதியில் அடுப்பிலோ குப்பையிலோ சென்று மறைந்தன. ஆதலின் அவற்றை ஆக்கிய கைகளின் வரலாறும் பெரும்பாலும் எழுதப்படாமலேயே போயிற்று. விலை கொடுத்து வாங்காத பொருளைக் கொண்டு, வீட்டார் கூடியமர்ந்து, அன்றாடத் தேவைக்கு வேண்டியதை ஆக்கிக்கொண்ட அந்த எளிய கைவினை மலேசியத் தமிழர் வாழ்வில் எவ்வாறு வேர்கொண்டது, இன்று எந்நிலையில் உள்ளது என்பதை எண்ணிப் பார்ப்பது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயனுடையதாகும்.

பழந்தமிழ் மரபு

இக்கைவினை தமிழர்க்குப் புதியதன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வ வளத்தைக் கூறுமிடத்து, பொன்னணி பூண்ட சிறுவர் உருட்டி விளையாடும் முக்காற் சிறுதேரைக் குறிப்பிடுகிறது. தச்சன் செய்த சிறுதேரைக் கையால் இழுத்து மகிழும் சிறாரைக் குறுந்தொகை காட்டுகிறது. இவை பிறர் செய்து கொடுத்த விளையாட்டுப் பொருள்கள். அதே சங்கப் பாடல்களில் வேறொரு காட்சியும் உண்டு. நீர்நிலையின் ஓரத்தில் முளைத்த பஞ்சாய்க் கோரையைப் பறித்துச் சிறுமியர் தாமே பாவை செய்து விளையாடினர். மணலைக் குவித்துச் சிற்றில் இழைத்தனர். தச்சனிடம் செல்ல வேண்டியதில்லை. பொருள் கொடுக்க வேண்டியதில்லை. கைக்கு எட்டியதே கருவிப்பொருளாயிற்று. பிற்காலத்தெழுந்த பிள்ளைத்தமிழ் நூல்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என இவ்விளையாட்டுகளுக்குத் தனித்தனிப் பருவங்களையே வகுத்தன. குழந்தையின் கைவேலையைக் காப்பியத் தலைவனின் வீரச் செயலுக்கு இணையாகப் பாடுதற்குரியதாகக் கருதிய மரபு இது.

கடல் கடந்த கைகள்

1786ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பினாங்குத் தீவில் குடியேற்றம் அமைத்த பின்னர், தமிழகத்தினின்று வணிகரும் தொழிலாளரும் தொடர்ந்து வந்து சேர்ந்தனர். துறைமுகத்திலும் நகராண்மைப் பணியிலும் சாலை வேலையிலும் பலர் அமர்ந்தனர். எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையின் கரும்பு, இரப்பர்த் தோட்டங்களில் எண்ணிறந்தோர் உழைத்தனர். கப்பலில் வந்தவர்கள் கொணர்ந்த மூட்டை மிகச் சிறியது. ஆனால் கையில் இருந்த வேலைத்திறனுக்குக் கப்பற்கூலி எவரும் கேட்கவில்லை.

தமிழகத்தில் அத்திறனுக்கு இடமளித்தது பனை. பெட்டி, முறம், விசிறி, கிலுகிலுப்பை ஆகிய யாவும் பனையோலையால் முடையப்பெற்றன. மலாயாவிலோ பனை அரிது. எனவே தமிழரின் கை தென்னைக்கு மாறியது. ஓலையைக் கத்தியால் சீவி ஈர்க்கை மட்டும் பிரித்து, வெயிலில் உலர்த்தி, அடியைத் தட்டி ஒழுங்காக்கி இறுகக் கட்டினால் முற்றம் பெருக்கும் விளக்குமாறு ஆயிற்று. கொட்டாங்கச்சியைச் சுரண்டி வழவழப்பாக்கி, விளிம்பின் கீழே எதிரெதிராக இரு துளையிட்டு மூங்கிற் காம்பைச் செருகினால் அகப்பை ஆயிற்று. திருமண வீட்டில் குருத்தோலை தோரணமாயிற்று. இரப்பர்த் தோட்டங்களின் தொடக்கக் காலத்தில் மரத்தினின்று வடியும் பாலை ஏந்துவதற்கும் சிரட்டைகளே பயன்பட்டன. பீங்கான் மங்குகள் பரவியது அதன் பின்னரே.

பினாங்கு என்னும் பெயரே பாக்கைக் குறிக்கும் மலாய்ச் சொல்லினின்று பிறந்தது. பாக்கு மரத்தினின்று தானே உதிரும் மட்டையின் அகன்ற அடிப்பகுதி தோல்போல் வளைந்து கொடுக்கும் இயல்புடையது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அதில் உணவைப் பொதிந்தனர். ஒரு சிறுவன் அதன்மேல் அமர, மற்றொருவன் ஓலைப் பக்கத்தைப் பற்றி இழுத்தோடுவான். பட்டினப்பாலையின் சிறுதேருக்கு மூன்று உருளைகள் இருந்தன. இத்தேருக்கு உருளையே இல்லை. எனினும் மகிழ்ச்சியில் குறைவில்லை.

தகரத்தின் பயணம்

ஓலையும் சிரட்டையும் மண் தந்தவை. தொழிற்சாலை தந்த பொருளும் விரைவில் இவற்றோடு சேர்ந்தது. அதன் வரலாறு சிந்திக்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவில் கிடைத்தது. பேராக் மாநிலச் சுரங்கங்களின் தாது, பினாங்கு ஜார்ஜ் டவுனில் டத்தோ கிராமாட் சாலையிலிருந்த ஈய உருக்காலையில் உருக்கப்பெற்றுக் கப்பலேறியது. மேலை நாடுகளில் மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் அவ்வீயத்தைப் பூசித் தகரமாக்கினர். 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் துராண்ட் என்பார் உணவைத் தகரக் கலத்தில் அடைத்துக் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1856இல் அமெரிக்கரான கெயில் போர்டன் பாலைச் சுண்டச் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். இவ்விரு கண்டுபிடிப்புகளும் இணைந்தபோது இனிப்புப் பால் தகரத்தில் அடைபட்டு உலகெங்கும் சென்றது. மலாயாவினின்று ஈயமாகச் சென்றது, பால் தகரமாகவும் மண்ணெண்ணெய்த் தகரமாகவும் கூலித் தொழிலாளியின் குடிலுக்குத் திரும்பி வந்தது.

உலக வாணிகத்தில் அதன் கதை அத்துடன் முடிந்தது. தமிழ்க் குடும்பத்திலோ அது அங்குதான் தொடங்கியது. ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும் சதுர மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேற்புறத்தை வெட்டி, குறுக்கே ஒரு மரச்சட்டம் பொருத்தினால் தண்ணீர் வாளி ஆயிற்று. இரண்டு வாளிகளைத் தோளில் வைத்த காண்டாக் கம்பின் இருமுனையிலும் தொங்கவிட்டுச் சுமந்தனர். ஓட்டை விழுந்த தகரத்தைப் பிரித்துத் தட்டையாக்கிக் கோழிக் கூட்டுக்கும் குளியலறைக்கும் அடைத்தனர். சிறிய பால் தகரம் அரிசி அளக்கும் படியாயிற்று. மூடியில் துளையிட்டுத் திரி செருகியபோது விளக்காயிற்று. கயிறு கட்டியபோது கடையிலிருந்து காப்பி வாங்கிவரும் பாத்திரமாயிற்று. இரண்டு பால் தகரங்களை நூலால் இணைத்துச் சிறுவர் தொலைபேசி செய்தனர். நூல் விறைப்பாக இருந்தாலன்றி ஒலி செல்லாது என்னும் அறிவியல் உண்மையை அவர்கள் பாடநூலைத் திறக்குமுன்னரே அறிந்திருந்தனர்.

துணியும் இவ்வாறே பல பிறவிகள் எடுத்தது. தாயின் பழம்புடவை முதலில் தொட்டிலாயிற்று. குழந்தை வளர்ந்த பின் தலையணை உறையாயிற்று. கிழிந்தபின் பானை இறக்கும் கரித்துணியாயிற்று. இறுதியில் எஞ்சிய நூல் விளக்குத் திரியாக முறுக்கப்பட்டது. பாட்டி திரிக்க, தந்தை வெட்ட, தாய் தைக்க, பிள்ளைகள் பொறுக்கிக் கொடுக்க, ஒரே விளக்கின் வெளிச்சத்தில் நடைபெற்ற இவ்வேலையினூடே கதையும் விடுகதையும் பழமொழியும் வாய்வழியே இறங்கின. தோட்டப்புறத்துத் தமிழ்ப் பள்ளிகள் எளியனவாய் இருந்த காலத்தில், அவ்விளக்கொளியே பல பிள்ளைகளுக்கு இரண்டாம் பள்ளியாய் விளங்கியது.

பஞ்சம் கற்பித்த பாடம்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானியர் ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிந்தனர். டிசம்பர் 19இல் தீவு அவர்கள் வசமாயிற்று. 1945 செப்டம்பர் வரை நீடித்த அவ்வாட்சிக் காலத்தில் இறக்குமதி நின்றது. அரிசிக்கு மாற்றாக மரவள்ளிக்கிழங்கு உண்ணப்பட்டது. துணி கிடைக்காமையால் கோணிப்பை ஆடையாயிற்று. மண்ணெண்ணெய் அரிதானபோது சிரட்டையில் தேங்காயெண்ணெய் ஊற்றித் திரியேற்றினர். தேய்ந்த வண்டிச் சக்கரத்தின் இரப்பர் அறுக்கப்பட்டுக் காலணியாயிற்று. அதே ஆண்டுகளில், சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோ மீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட இரயில் பாதைக்காகப் பல்லாயிரம் தமிழர் தோட்டங்களினின்று கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பி வாராதோர் எண்ணிறந்தோர். ஆடவரை இழந்த குடும்பங்களில் பெண்களின் கைகளே வீட்டைத் தாங்கி நின்றன.

இதனை எண்ணும்போது, பழைய கைவினையைப் பொற்காலத்தின் அடையாளமாகப் போற்றிப் புகழ்வது பொருந்தாது என்பது தெளிவாகும். கோணியை உடுத்தியவள் கலை வளர்க்க உடுத்தவில்லை. வறுமையை அழகென்று பாராட்டுவது அதனை அனுபவித்தவர்க்குச் செய்யும் இழிவாகும். அதே வேளையில், வறுமை கொடுமையானது என்பதற்காக அதனிடையே அக்கைகள் காட்டிய அறிவை மறப்பதும் நன்றன்று.

பள்ளியில் நுழைந்த கைவேலை

கைவேலையைக் கல்வியாகக் கண்டோர் மேனாட்டிலும் கீழ்நாட்டிலும் இருந்தனர். 1837இல் ஜெர்மனியில் இளஞ்சிறார்க்கெனப் பள்ளி தொடங்கிய ஃபிரோபெல், காகித மடிப்பையும் பின்னல் வேலையையும் கல்வியின் பகுதியாக்கினார். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் தம் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழிலின் வழியே பிற பாடங்களையும் கற்பிப்பது அதன் நோக்கம். மலாயாவில் 1922இல் தஞ்சோங் மாலிமில் நிறுவப்பட்ட சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் மலாய் ஆசிரியர்க்குக் கூடை முடைதலும் தோட்ட வேலையும் கற்பிக்கப்பட்டன.

ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ஆங்கிலேய ஆட்சியினர் சிற்றூர்ப் பள்ளிகளில் கைவேலையை வலியுறுத்தியதற்கு, உழவன் மகன் உழவனாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணமும் காரணமாயிருந்தது. 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. அது குலக்கல்வித் திட்டம் எனக் கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அவருக்குப்பின் வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். இதனால் விளங்குவது யாது? கைவேலை அறிவுக்கு வாயிலாகும்போது அது கல்வி. பிறப்பை முன்னிட்டு ஒருவன்மேல் சுமத்தப்படும்போது அது தளை. பால் தகரத்தில் விளக்குச் செய்த தோட்டத் தொழிலாளி அவ்விளக்கின் ஒளியில் தன் பிள்ளையைப் படிக்கவே வைத்தான். தகர வேலைக்கு அவனைப் பழக்குவதற்காக அன்று.

பாயான் பாருவில்

அவ்வாறு படித்த தலைமுறைக்குப் புதிய வாயில்கள் திறந்தன. 1969இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தோன்றியது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கப்பட்டு, மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. வயலும் தென்னையும் சூழ்ந்திருந்த நிலத்தில் பாயான் பாரு என்னும் புதுநகர் அமைந்தது. பாரு என்னும் மலாய்ச் சொல்லுக்குப் புதியது என்பதே பொருள். தோட்ட லயங்களில் பிறந்தோரின் மக்கள் அங்கே அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். குழாயைத் திறந்தால் நீர் வந்தது. காண்டாக் கம்புக்கு வேலையில்லை. விசையைத் தட்டினால் ஒளி வந்தது. தகர விளக்குக்கு வேலையில்லை. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே.

மாறாக வளர்ந்தது குப்பை. முன்னைய வீட்டில் எஞ்சியவை மண்ணுக்கோ அடுப்புக்கோ திரும்பின. இன்றைய வீட்டில் எஞ்சும் நெகிழிக்குச் செல்லும் இடமில்லை. பினாங்கு மாநில அரசு 2009இல் வாரத்தில் ஒரு நாள் கடைகளில் நெகிழிப்பை இலவசமாக வழங்குவதை நிறுத்தியது; 2011 முதல் அது எல்லா நாள்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 2016இல் குப்பையை வீட்டிலேயே வகைபிரிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூன் மாதத்தில் ஜெலுத்தோங் குப்பைமேடு தீப்பற்றி எரிந்தபோது, தூக்கியெறிந்த பொருள் எங்கும் மறைந்துவிடுவதில்லை என்பதை அப்புகை ஊரார்க்கு உணர்த்தியது.

இந்நிலையில் பள்ளிகளில் பயன்படுத்திய பொருளைக் கொண்டு கைவினை செய்யும் பயிற்சி அளிக்கப்படுவது பாராட்டுக்குரியது. எனினும் அதில் முரண் ஒன்று புகுந்துவிடுவதுண்டு. ஒரு வெறும் புட்டியை அழகுபடுத்த வண்ணத்தாள், பசை, மினுமினுப்புத் தூள் எனப் பல வெள்ளிக்குப் பொருள் வாங்கப்படுகிறது. பெற்றோர் நள்ளிரவில் தனித்திருந்து செய்து முடிக்கின்றனர். பிள்ளை அதனைப் பள்ளிக்குச் சுமந்து செல்கிறான். இரண்டு வாரம் கழிந்ததும் அப்புட்டி முன்னினும் மிகுந்த குப்பையாகிறது. பழைய பால் தகரம் படியாகிப் பல்லாண்டு உழைத்தது. இப்புட்டியோ எதற்கும் உதவாமல் மடிகிறது. வடிவம் இருக்கிறது, கைவினையின் உயிர் இல்லை.

அவ்வுயிர் மிக எளியது. வீட்டில் இருப்பதே போதும். ஆனது பயன்பட வேண்டும். ஆக்கும்போது குடும்பம் கூடியிருக்க வேண்டும். பழைய கால்சட்டையின் துணியால் தாயும் மகனும் ஒரு கடைப்பை தைத்தால் அது நெகிழிப்பைக்கு மாற்றாகிறது. நாள்காட்டியின் முதுகுப்புறத் தாள்களைத் தைத்தால் கணக்குப் பயிலும் ஏடாகிறது. முட்டைத் தட்டின் இரு வரிசைக் குழிகள் பல்லாங்குழி ஆகின்றன. பாட்டி அருகில் அமர்ந்து புளியங்கொட்டையை எண்ணிப் போடக் கற்றுத்தரும்போது, கூட்டலும் கழித்தலும் மட்டுமன்று, அவர் வாயில் வாழும் தமிழும் பேரனின் செவிக்குச் சென்று சேர்கிறது. மாணவரைப் பாட்டியின் அகப்பை பற்றிக் கேட்டெழுதச் செய்யும் ஆசிரியர், ஒரே பாடத்தில் வரலாற்றையும் கட்டுரையையும் கற்பித்தவராவார்.

முன்னோர் கைவினை செய்தது வேறு வழியின்மையால். இன்றையோர்க்கு வேறு வழிகள் உண்டு. வழியிருந்தும் அதனை விரும்பி மேற்கொள்ளும்போதே அது தளை என்னும் நிலையினின்று விடுபட்டுக் கலையாகிறது. சங்கச் சிறுமி பறித்த பஞ்சாய்க் கோரை இன்று பாயான் பாருவின் அடுக்குமாடியருகே முளைப்பதில்லை. ஆனால் கைக்கு எட்டியதைக் கொண்டு ஆக்கிப் பார்க்கும் கையும், அருகமர்ந்து சொல்லித்தரும் மூதாட்டியும் அம்மாடிகளிலும் இருக்கின்றனர். அவ்விருவரையும் ஒரே பாயில் அமரச் செய்வது இல்லத்தின் கடமை. அதற்கொரு காரணத்தை உண்டாக்கித் தருவது பள்ளியின் கடமை.