முந்திரி முதல் தசமம் வரை: பின்னங் கற்பித்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முழுவெண்களை விரல்விட்டு எண்ணப் பழகிய பிள்ளை, ஒன்றினும் குறைந்த எண்ணை எதிர்கொள்ளும்போதே கணிதத்தில் முதன்முறையாகத் தடுமாறுகின்றது. அங்கே எண்ணுதல் போதாது. பகுத்தலும் ஒப்பிடுதலும் வேண்டும். இத்தடுமாற்றத்தை நீக்கத் தமிழரின் பழைய பள்ளிகள் கையாண்ட வழி யாது, பின்னர்த் தசமமுறை வந்தபோது பெற்றவை யாவை, இழந்தவை யாவை என்பன ஆராயத்தக்கவை.

தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கிய திண்ணைப் பள்ளிகளில் நெடுங்கணக்கோடு எண்சுவடியும் பாடமாக இருந்தது. மாணாக்கர் மணலில் விரலால் எழுதியும், எழுதியதை உரக்கச் சொல்லியும் பயின்றனர். ஒன்றும் அதற்கு மேற்பட்டனவும் மேல்வாயிலக்கம் எனவும், ஒன்றினும் குறைந்தன கீழ்வாயிலக்கம் எனவும் பெயர்பெற்றன. பின்னம் மேல்வகுப்புக்கென ஒதுக்கப்பட்ட தனியியலாக அன்றி, தொடக்கநிலைப் பாடத்தின் ஒரு கூறாகவே அமைந்திருந்தது.

கீழ்வாயிலக்கத்தின் அடிப்படை அலகு முந்திரி. அது ஒன்றை 320 கூறாக்கியதில் ஒரு கூறு. முந்திரி நான்கு கொண்டது காணி, அதாவது 1/80. காணி நான்கு கொண்டது மா, அதாவது 1/20. மா ஐந்து கொண்டது கால். இப்பெயர்கள் வெறும் பெயர்களல்ல. ஒவ்வொன்றும் ஒரு கணக்கைத் தன்னுள் அடக்கியுள்ளது. காலிற் பாதி அரைக்கால். இச்சொல்லைக் கூறும் பிள்ளை ஒரு பின்னத்தை மற்றொரு பின்னத்தாற் பெருக்கிவிடுகின்றது. மாகாணி என்பது மாவும் காணியுஞ் சேர்ந்தது. 1/20 உடன் 1/80 ஐக் கூட்டினால் 5/80, அஃதாவது 1/16 கிடைக்கும். வீசம் எனப்படுவதும் இதுவே. அதனை இரட்டித்தால் அரைக்கால், மீண்டும் இரட்டித்தால் கால், பின்னர் அரை, பின்னர் ஒன்று. வெவ்வேறு பகுதியெண்களையுடைய பின்னங்களைக் கூட்டுதல் இன்றைய மாணவருக்குக் கடினமான பாடம். அதன் விடையைப் பழைய மாணாக்கர் ஒரு சொல்லின் வடிவில் நாவில் ஏற்றிக்கொண்டனர்.

எனினும் இம்முறையை மிகைப்படப் புகழ்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது. மனனத்தின் சுமை பெரிது. ஒப்புவித்தவர் அனைவரும் பொருளுணர்ந்தே ஒப்புவித்தனர் என்பதற்கில்லை. நிலத்துக்கு மா, நெல்லுக்கு நாழியும் குறுணியும் என அளவைக்கேற்ப வாய்பாடுகளும் பெருகின. மேலும், இக்கல்வி எல்லாச் சாதியினருக்கும் பெண்மக்களுக்கும் ஒருபடித்தாகக் கிட்டியதுமன்று.

தசமப் பின்னம் வேறொரு வழியாக வந்தது. 1585 ஆம் ஆண்டில் சைமன் ஸ்டெவின் டச்சு மொழியில் வெளியிட்ட சிறுநூல், நில அளப்போருக்கும் வணிகருக்கும் பத்தின்வழிக் கணக்கை எடுத்துரைத்தது. நாணயமும் அளவைகளும் அவ்வாறே அமைதல் வேண்டும் எனவும் அவர் கருதினார். இலங்கையில் 1825 முதல் ஆங்கிலேய நாணயமுறை சட்டமுறையானதாக இருந்தது. பன்னிரண்டு பென்சு ஒரு சிலிங், இருபது சிலிங் ஒரு பவுண் என்பதே அதன் கணக்கு. 1872 இல் நூறு சதங்கொண்ட ரூபாய் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலோ பதினாறு அணா கொண்ட ரூபாய் 1957 வரை நீடித்தது. ஆகவே வீசமும் அரைக்காலும் அங்கே ஓரணா, இரண்டணா என முழுநாணயமாகவே கையில் இருக்க, இங்கே அவை ஆறேகாற் சதமாகவும் பன்னிரண்டரைச் சதமாகவும் மாறின. காலும் அரையும் மட்டும் 25 சதமாகவும் 50 சதமாகவும் நிலைத்தன.

தசமத்தால் விளைந்த நன்மை வெளிப்படை. முழுவெண்களைக் கூட்டக் கழிக்க அறிந்தவர் அதே முறையாற் பின்னங்களையும் கையாளலாம். ஆயினும் அந்த எளிமையிலேயே ஓர் இடர் மறைந்துள்ளது. இரண்டு ரூபாய் ஐம்பது சதம் என்று படிக்கும்போது, புள்ளியின் இருபுறமும் இரு முழுவெண்கள் நிற்பதாகவே பிள்ளைக்குத் தோன்றுகின்றது. எனவேதான் 0.25, 0.3 இரண்டில் எது பெரிது எனக் கேட்டால், இருபத்தைந்து மூன்றினும் பெரிதென்று எண்ணி 0.25 ஐச் சுட்டும் பிள்ளைகள் பலர். காலையும் பத்தில் மூன்றையும் பொருளாகக் கண்ட பிள்ளை இவ்வாறு எளிதில் ஏமாறாது. குறியீடு விரைவைத் தந்தது. அளவுணர்வைத் தானாகத் தரவில்லை.

இவ்விரு முறைகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. 320 என்னும் எண் இரண்டு, ஐந்து ஆகிய காரணிகளால் மட்டுமே ஆயது, பத்தும் அவ்வாறே. ஆதலின் மா 0.05, காணி 0.0125, முந்திரி 0.003125 என எல்லாம் முடிவுறு தசமங்களாகின்றன. மூன்றிலொன்று முந்திரியாலும் சரியாக அளவிடப்படாது, தசமத்திலும் முடிவுறாது. இரண்டுக்கும் வலிமையும் எல்லையும் ஒன்றே.

எண்சுவடி மீண்டும் பாடநூலாதல் இயலாது, ஆக வேண்டியதுமில்லை. ஆனால் காலும் அரையும் முக்காலும் இன்றும் பேச்சில் வாழ்கின்றன. பகுத்துக் காட்டி, பெயரைச் சொல்லவைத்து, அதன்பின் புள்ளியை எழுதக் கற்பிக்கும் ஆசிரியர், வழக்கொழிந்த ஒரு முறையின் உயிர்நாடியைப் புதிய முறையிற் காக்கின்றார். சொல்லில் உறங்கும் கணக்கை எழுப்பாது குறியீட்டை மட்டும் புகட்டினால், விடை சரியாக வரலாம், விளக்கம் வராது.