விஞ்ஞான மாணவர் எழுதிய தமிழ்ப் பரீட்சை

தம் துறையை விடாமல் இன்னொரு துறையில் ஆராய்ச்சிக்கு இறங்க விரும்பிய மாணவருக்கு, நூறாண்டுக்கு முன் இலங்கையின் கீழ்க்கரையில் திறந்திருந்த வாசல் பரீட்சைதான். கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதைத் தாண்டினால் வரும் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் அந்த வாசல் வழியே போனவர். பிற்காலத்தில் அவர் சுவாமி விபுலாநந்தர்.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்த அவர், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று 1916இல் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய அச்சங்கத்துக்கு மாணவரின் கல்லூரி எதுவென்பது பொருட்டல்ல. தமிழில் தேர்ச்சி இருந்தால் போதும். பாடம் கேட்க ஓர் ஆசிரியரைத் தேடிக்கொள்வது மாணவர் பொறுப்பு. லண்டன் பல்கலைக்கழகமும் 1858 முதல் வெளிவாரிப் பட்டம் வழங்கி வந்தது. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்குமுன்பே, 1920இல், அவ்வழியில் அவர் பி.எஸ்ஸி. பட்டதாரியானார்.

இரண்டு படிப்பும் சேர்ந்து கொடுத்த பலன், பழந்தமிழ் இசையை ஆராயும் அவருடைய 'யாழ் நூல்'. சிலப்பதிகார அரங்கேற்றுகாதையின் இசைக் குறிப்புகளைத் தமிழ்ப் புலமை மட்டும் கொண்டு முழுதாக விளக்கிவிட முடியாது. இழுத்துக் கட்டிய தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி ச. மூன்றில் இரண்டாக்கினால் ப. நான்கில் மூன்றாக்கினால் ம. இந்தப் பின்னக் கணக்கு பௌதிக மாணவருக்குப் பழக்கமானது. அதைக் கொண்டே மறைந்துபோன யாழ்களின் அமைப்பையும் பண்களின் சுரங்களையும் அவர் ஆராய்ந்தார். சில முடிவுகள் விவாதத்துக்குரியவை. முறை புதியது என்பதில் ஐயமில்லை. நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஜூலையில் அவர் காலமானார். அதற்கு முன்பே, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். விஞ்ஞானப் பட்டதாரி ஒருவருக்கு இன்று அந்த நாற்காலி கிடைப்பது அரிது.

அவர் பிறந்த அதே கீழ்க்கரையில் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமானது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். கலைப் பீடம் ஒலுவிலில். பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். மருதமுனைக் கைத்தறியின் கணக்கையோ முஸ்லிம் ஊர்களின் நாட்டார் கவிகளின் ஓசையையோ ஆராய நினைக்கும் விஞ்ஞான மாணவர், இறுதியாண்டு ஆய்வு வரை காத்திருக்க வேண்டாம். மற்றப் பீடத்தில் ஓர் ஆசிரியரை முதலில் போய்ப் பார்க்கட்டும்.