ஜாஸ் பியானோ: பார்த்தும் கேட்டும் கற்ற வரலாறு

ஜாஸ் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடையே வளர்ந்த இசை. கர்நாடக இசையைப் போலவே இதிலும் மனோதர்மத்துக்கு முதன்மை உண்டு; ஆகவே செவிவழிக் கல்வி இன்றியமையாதது.

டியூக் எலிங்டன் (1899–1974) இளமையில் ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலினா ஷவுட்' இசையைத் தானியங்கிப் பியானோவில் கற்றார். துளையிட்ட காகிதச் சுருளை மெதுவாக ஓடவிட்டு, தாழும் கட்டைகளைப் பார்த்து விரல் பழகினார். இன்று காணொளியின் வேகத்தைப் பாதியாக்கிப் பழகுவதும் அதே முறைதான்.

1967இல் ஜேமி ஏபர்சோல்ட், பக்கவாத்தியம் மட்டும் ஒலிக்கும் இசைத்தட்டை வெளியிட்டார். மாணவர் அதனுடன் சேர்ந்து வாசித்துப் பழகலாம். தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர் வயலினை முறைப்படி பயின்றவர். பியானோவைப் பெரும்பாலும் தாமே செவிவழியாகக் கற்றார். 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

2005இல் யூடியூப் வந்தபின், மேலூர் போன்ற ஊரிலுள்ள மாணவருக்கும் பாடம் கைபேசியிலேயே கிடைக்கிறது. ஆனால் காணொளி பிழை திருத்தாது. ஆகவே ஒரு சிறு இசைத்துணுக்கை முதலில் பாடி, பின் 12 சுருதிகளிலும் வாசித்து, அதைப் பதிவுசெய்து மூலத்துடன் ஒப்பிட வேண்டும். அங்கே மாணவரின் செவியே ஆசிரியர்.