வீட்டின் பெயரும் வீட்டின் விலையும்

பிழைப்பை நாடி மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் குடியேறிய நம்மவர் பலருக்கும் சொந்த ஊரில் ஒரு பழைய வீடு உண்டு. அதனை விற்கவோ அடகு வைக்கவோ நேரும் நாளில்தான், "இவ்வீட்டின் மதிப்பு என்ன?" என்னும் வினா எழுகின்றது. சுவரையும் கூரையையும் நிலத்தையும் அளந்தால் விடை கிடைத்துவிடும் என்று நாம் எண்ணுகின்றோம். ஆனால் வீட்டை அளக்கும்போது அதில் வாழ்வோரையும் சேர்த்தே அளந்த ஒரு நெடுங்காலம் இருந்தது. அவ்வரலாற்றை, தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப்புறத்தை முன்வைத்து ஈண்டுக் காண்போம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் தமிழ்நாடு, அப்பால் பாறசாலை. உறவும் கொள்வினை கொடுப்பினையும் இன்றும் எல்லையைக் கடந்தே நடக்கின்றன. இருபுறத்து மக்களுக்கும் பழைய திருவிதாங்கூரின் நினைவு பொதுவானது.

மலையாள நாட்டில் வீட்டின் பெயரே அதன் மதிப்பைச் சொல்லிவிடும். மலபார் மாவட்ட ஆட்சியராய் இருந்த வில்லியம் லோகன் 1887-இல் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவாகக் குறித்துள்ளார். அடிமைத் தொழிலாளர் வாழ்ந்தது சாளை. கொல்லரும் தச்சரும் வாழ்ந்தது புரை அல்லது குடி. நாயர் வாழ்ந்தது வீடு. நம்பூதிரி வாழ்ந்தது இல்லம் அல்லது மனை. அரசர் வாழ்ந்தது கோவிலகம் அல்லது கொட்டாரம். ஒருவர் தம் உறைவிடத்தின் பெயரைச் சொன்னவுடனே அவர்தம் குலமும் வெளிப்பட்டுவிடும். விலை பேசுமுன்னரே மதிப்பீடு முடிந்துவிட்டது எனலாம்.

பெயரோடு இது நிற்கவில்லை, கூரையையும் தொட்டது. ஓடு வேய்வது எல்லார்க்கும் உரிய உரிமையாய் இருந்ததில்லை. இராணி கௌரி பார்வதி பாய் 1818-இல் பிறப்பித்த ஆணையே, குடிமக்கள் அனைவரும் தம் வீடுகளுக்கு ஓடு வேய்ந்துகொள்ள இசைவளித்தது. ஆயினும் ஆணை மாறிய விரைவில் வழக்கம் மாறவில்லை. இலண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் 1871-இல் வெளிவந்த தம் நூலில், சாணார் மக்கள் ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக்கூடாது என்னும் தடையையும் எடுத்துக் கூறுகின்றார். கையில் பொருள் இருந்தும் மாடி எழுப்ப இயலாதவனுக்கு வீட்டின் மதிப்பை உயர்த்தும் வழி ஏது?

அடிமனையே இல்லாதாரின் நிலை இன்னும் கொடிது. பிறர் நிலத்தில் குடிசை போட்டவன் அதனை விற்கவும் இயலாது, மக்களுக்கு விட்டுச் செல்லவும் இயலாது. வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி, ஸ்ரீமூலம் பிரஜாசபையில் உறுப்பினராய் அமர்ந்தபோது புலையர்க்குப் புதுவல் நிலம் வேண்டும் என்று கேட்டதன் உட்பொருள் இதுவே.

நிலவரியிலும் இத்தகைய வேற்றுமை இருந்தது. ஒரே தரத்து நிலமாயினும் பண்டாரவகை என்றால் முழுவரி. பிரமதாயம், தேவதாயம் என்றால் சலுகை. 1886-இல் அறிவிக்கப்பட்டு 1911 வரை நீண்ட நிலவரித் திட்டமும் இப்பாகுபாட்டை முற்றும் நீக்கவில்லை. 1946-இல்தான் பெரும்பாலான நிலங்களுக்கு ஏக்கருக்கு 14 சக்கரம் என்னும் ஒரே அடிப்படை வரி வந்தது. நல்ல நிலத்துக்கும் வறண்ட நிலத்துக்கும் ஒரே வரியா என்ற குறை அதற்கும் உண்டு. ஆயினும் வரி விதிக்கும் அளவுகோலிலிருந்து உடையவனின் சிறப்புரிமை நீங்கியது.

இந்நோய் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக்கடன் நிறுவனமொன்று நகரங்களை நால்வகையாகப் பிரித்து வண்ணமிட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு வண்ணம் பெற்றன. வீட்டுரிமையில் இனவேறுபாட்டை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆனாலும் கறுப்பினத்தவரின் வீடுகளை மதிப்பீட்டாளர் குறைத்து மதிப்பிடுகின்றனர் என்னும் குற்றச்சாட்டு ஓயவில்லை. அதனை ஆராய 2021-இல் அந்நாட்டு அரசு தனிக்குழு அமைத்தது.

இன்று நம் எல்லைப்புறத்தில் நிலத்திற்கு அரசே மதிப்பு வெளியிடுகின்றது. தமிழ்நாட்டில் அது வழிகாட்டி மதிப்பு. கேரளத்தில் 2010 முதல் நியாயவிலை. இவற்றைப் பற்றிய பூசல்கள் பெரும்பாலும் சாலை முகப்பு, நிலத்தின் வகை ஆகியவற்றைப் பற்றியவை. நியாயவிலை தவறென்று கருதுவோர் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். இப்பட்டியல்களில் சாதிக்கு இடமில்லை. ஆனால் வாங்க வருபவன் முகவரியைக் கேட்கின்றான். முகவரி பழைய வேலையைச் செய்துவிடுகின்றது.

ஆகையால்தான், 2024 ஜூனில் கேரள அரசு பட்டியல் மக்களின் குடியிருப்புகளைக் "காலனி" என்று அழைப்பதை நீக்கி, நகர், உன்னதி முதலிய பெயர்களைப் பரிந்துரைத்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சரும் அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் அகற்றப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் எல்லையின் இருபுறமும் ஒரே தவறு உணரப்பட்டது.

சாளை என்னும் பெயர் போயிற்று. காலனி என்னும் பெயரும் போகின்றது. புதிய பெயரும் நாளடைவில் பழைய இழிவைச் சுமக்கலாகாது. அது சட்டத்தால் மட்டும் கைகூடுவதன்று. தொலைவில் வாழும் நாம் ஊரில் ஒரு மனையை வாங்கும்போதும் விற்கும்போதும், "அண்டை வீட்டார் யார்?" என்று கேட்கும் முன் நம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக: நாம் அளப்பது மண்ணையா, மனிதனையா?