ஆராயப்பட்டவர்கள் ஆராய வந்தபோது

முதுகலை வகுப்பில் பண்பாட்டுக் கோட்பாடு என்று சொல்லித்தருவது, பெரும்பாலும் மேலேயிருந்து இறக்கிவைத்த சரக்கு மாதிரிதான் வருகிறது. கிராம்சி என்றால் மேலாண்மை, அல்தூசர் என்றால் கருத்தியல். ஆளுக்கொரு சொல்லைக் குறித்துக்கொண்டு பரீட்சையில் எழுதிவிட்டு வந்துவிடலாம். இந்தச் சொற்களை யார், எதற்காக, யாரோடு மல்லுக்கட்டிக் கையில் எடுத்தார்கள் என்கிற வரலாறு மட்டும் பாடத்தில் இருக்காது. நம்ம பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதோ அந்த வரலாறுதான்.

அதில் ஒரு பகுதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடந்தது. சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம் அங்கே 1964இல் தொடங்கியது. தொடங்கியவர் ரிச்சர்ட் ஹோகார்ட். லீட்ஸ் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோரை இழந்து பாட்டி வீட்டில் வளர்ந்தவர். ஆங்கில இலக்கியம் படித்து மேலே வந்த பிறகும் தன் தெருவை மறக்கவில்லை. தொழிலாளர்கள் படிக்கிற மலிவுப் பத்திரிகை, பாடுகிற பாட்டு, பேசுகிற பேச்சு எல்லாவற்றையும், இலக்கியத்துக்குக் கொடுக்கிற அதே கவனத்தோடு படித்து 1957இல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். மையத்துக்கான பணத்தை அவரே தேட வேண்டியிருந்தது. பெங்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேன் கொடுத்த பணத்தில்தான் கதவு திறந்தது. இளங்கலைக்குப் பிறகு ஆய்வுக்கு வருகிறவர்களுக்கான இடம் அது.

ஹோகார்ட் துணைக்கு அழைத்தது ஸ்டூவர்ட் ஹாலை. 1932இல் ஜமைக்காவில் பிறந்த கறுப்பர். அங்கே நடுத்தர வர்க்கக் குடும்பங்களில் தோலின் நிறம் சாதி மாதிரி வேலை செய்தது. ஹாலின் அக்கா ஒரு கறுப்பு மருத்துவ மாணவரை விரும்பினார். பெற்றோர் அதை முறித்துப்போட்டார்கள். அக்கா மனம் சிதைந்துபோனார். இதை ஹாலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நமக்கு இதில் விளக்கம் எதுவும் தேவையில்லை. ஹால் 1951இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். ஹென்றி ஜேம்ஸ் நாவல்களில் தொடங்கிய முனைவர் பட்ட ஆய்வைப் பாதியிலேயே விட்டார். ஹோகார்ட் யுனெஸ்கோவுக்குப் போனபிறகு, 1979 வரை மையத்தை நடத்தியது இவர்தான்.

அங்கே படிப்பு நடந்த விதத்தைப் பார்க்கணும். ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர். தயாரான பாடத்திட்டம் கிடையாது. மாணவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து எழுதினார்கள். எழுதியதைத் தாங்களே நகலெடுத்துப் பரப்பினார்கள். 1971இலிருந்து தங்கள் ஆய்வேட்டையும் வெளியிட்டார்கள். கிராம்சியைத் தேடிப் போனது பரீட்சைக்காக அல்ல, தெருவில் நடந்தது கேள்வியாக வந்து நின்றதால்.

1972இல் பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் மூன்று பையன்கள் ஒருவரை அடித்துப் பறித்தார்கள். 1973இல் தீர்ப்பு: ஒருவனுக்கு 20 ஆண்டு, மற்ற இருவருக்கும் பத்துப் பத்து ஆண்டு. பத்திரிகைகள் வழிப்பறி, வழிப்பறி என்று கூப்பாடு போட்டன. கறுப்பு இளைஞன் என்றாலே வழிப்பறிக்காரன் என்றாக்கின. ஹாலும் மையத்தைச் சேர்ந்த நான்கு பேரும் இதைப் பல ஆண்டு ஆராய்ந்து 1978இல் புத்தகமாக்கினார்கள். பையன்கள் ஏன் திருடினார்கள் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. பத்திரிகையும் போலீசும் நீதிமன்றமும் ஏன் இந்த நேரத்தில், இவ்வளவு சத்தமாகப் பயப்படுகின்றன என்று கேட்டார்கள். பொருளாதார நெருக்கடியில் மக்களின் சம்மதத்தை இழந்துவரும் அரசு, ஒரு கூட்டத்தைக் குற்றவாளியாக்கிக் காட்டிச் சம்மதத்தைத் திரும்பப் பிடிக்கிறது. 'மேலாண்மை' என்கிற சொல்லுக்கு இங்கேதான் ரத்தமும் சதையும் வந்தது. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டத்தைப் பார்த்த மண்ணிலிருந்து படிக்கிறவனுக்கு இந்த வாதம் சட்டென்று பிடிபடும்.

ஆனால் இந்த முற்போக்கு மையத்துக்குள்ளேயே இடம் கிடைக்காதவர்கள் இருந்தார்கள். வர்க்கம் பற்றி மணிக்கணக்காகப் பேசிய ஆண்கள் நடுவில் பெண்களுக்குப் பேச இடமில்லை. 1974இல் பெண்கள் தனிக்குழு அமைத்தார்கள். அவர்களுடைய புத்தகம் 1978இல் வந்தது. மையத்துக்குள் தாங்கள் பட்ட பாட்டையும் அதிலேயே எழுதினார்கள். பெண்ணியம் உள்ளே வந்தபோது நல்ல ஆண்களும் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கத் தயங்கினார்கள் என்பதையும், இனப் பிரச்சினையைப் பேசுபொருளாக்கவே நீண்ட சண்டை தேவைப்பட்டது என்பதையும் ஹால் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அந்தச் சண்டையின் விளைவு 1982இல் வந்த, இனமும் அரசியலும் பற்றிய குழுவின் நூல். கறுப்புக் குடும்பமே நோய்பிடித்தது என்று எழுதிவந்த சமூகவியலாளர்களை எரால் லாரன்ஸ் கேள்வி கேட்டார். வெள்ளைப் பெண்ணியம் 'பெண்' என்று சொல்லும்போது அதில் கறுப்புப் பெண் எங்கே என்று ஹேசல் கார்பி கேட்டார். ஆசியப் பெண்களின் போராட்டங்களைப் பிரதீபா பர்மார் எழுதினார். அதே குழுவிலிருந்த பால் கில்ராய் 1987இல் வெளியிட்ட நூலில், இடதுசாரிகளின் ஆசானான ரேமண்ட் வில்லியம்ஸையும் விட்டுவைக்கவில்லை. ஓரிடத்தில் தலைமுறைகளாக வேரூன்றியதே உண்மையான அடையாளம் என்றால், நேற்று வந்த கறுப்பர் என்றைக்கும் அந்நியர்தானே என்பது அவர் வாதம்.

இவர்கள் யாரும் கோட்பாடு வெள்ளைக்காரன் சரக்கு என்று தூக்கியெறியவில்லை. அதே கருவியைத் திருப்பிப் பிடித்தார்கள். ஆய்வுப்பொருளாக இருந்தவர்கள் ஆய்வாளர்களாக உட்கார்ந்தபோது கோட்பாடே மாறியது. தமிழிலும் பெரும்பகுதி கோட்பாடு சிறுபத்திரிகை வழியாகத்தான் வந்தது. ராஜ் கௌதமன் 1993இல் 'தலித் பண்பாடு' எழுதியபோது அதையே செய்தார். நம் வாழ்க்கையை விவரித்துவந்த பண்பாட்டை நாமே விசாரணைக்கு இழுப்பது.

மையம் பிற்காலத்தில் ஒரு துறையாக மாறியிருந்தது. 2001 ஆய்வுத்தர மதிப்பீட்டில் குறைந்த தரம் கிடைத்ததைக் காட்டி, மாணவர்கள் எதிர்த்தும், 2002இல் பல்கலைக்கழகம் துறையையே மூடிவிட்டது. மதிப்பெண் போடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதும் பண்பாட்டுக் கோட்பாட்டின் பாடம்தான்.

ஆய்வு வகுப்புக்குப் போகிற தம்பி தங்கச்சிகள் அடுத்த கோட்பாட்டு நூலைத் திறக்கும்போது இரண்டு கேள்வி கேட்கட்டும். இதில் விவரிக்கப்படுகிறவர் யார்? அவர் இந்த அறையில் இருக்கிறாரா? இல்லையென்றால் அந்த இடத்திலிருந்து எழுதத் தொடங்கலாம். தனியாக முடியாது. நாலு பேர் சேர்ந்து உட்காருங்கள்.