ஒரு ஜோடி வெள்ளைத் துணி

எங்க ஊர் ஐயம்பேட்டை. தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறது இல்லீங்க. காஞ்சிபுரத்துலேர்ந்து வாலாஜாபாத் போற வழியில இருக்கிற நெசவாளர் ஊர். பொறியியல் முடிச்சிட்டு மேல்படிப்புக்கு ஜெர்மனி போய் முதல் ஆறு மாசம் நான் யார்கூடவும் சரியாப் பேசலை. பாடம் ஆங்கிலத்துலதான். ஆனா சாப்பாட்டு மேசையில சிரிப்பெல்லாம் ஜெர்மன்ல. எல்லாரும் சிரிச்சு முடிச்ச பிறகு நான் சிரிப்பேன் :-)

அப்பத்தான் யுவான் சுவாங்கைத் தேடிப் படிச்சேன். பள்ளிக்கூடத்துல 'சீனப் பயணி'ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. என்னைக் கேட்டா, அவர் முதல்ல ஒரு வெளிநாட்டு மாணவர். சுமார் 629ல சீனாவை விட்டுக் கிளம்பி, காஷ்மீரத்துல ரெண்டு வருஷம், அப்புறம் நாளந்தாவுல சுமார் அஞ்சு வருஷம். வேற்றுமை உருபே இல்லாத மொழியிலேர்ந்து வந்தவருக்கு சமஸ்கிருதம் எப்படி இருந்திருக்கும்? எட்டு வேற்றுமை, மூணு எண், ஆக ஒரு பெயர்ச்சொல்லுக்கு 24 வடிவம். அவர் சீடர் ஹுயிலி எழுதின வாழ்க்கை வரலாறு இந்தக் கணக்கை நிதானமா விளக்குது. மனுஷர் நல்லாப் பாடுபட்டிருக்கார்னு தெரியுது.

நாளந்தாவுல அவருக்கு ஆசிரியர் சீலபத்திரர். சீலபத்திரருக்கு ஆசிரியர் தர்மபாலர். தர்மபாலர் பிறந்தது நம்ம காஞ்சிபுரம்! சுமார் 640ல, நரசிம்மவர்மன் காலத்துல, யுவான் சுவாங்கே காஞ்சிக்கு வந்தார். இலங்கைக்குப் போற எண்ணம். ஆனா அங்கே ராஜா இறந்து பஞ்சம் வந்து, துறவிகளே கூட்டமாக் காஞ்சிக்கு வந்துட்டாங்க. நம்மாளு விடுவாரா, அவங்களையும் உட்கார வச்சு யோக சாஸ்திரத்துல கேள்வி கேட்டிருக்கார்.

நான் சொல்ல வந்தது அதுக்கப்புறம் நடந்தது. 645ல ஊர் திரும்பிட்டார். ஏழு வருஷம் கழிச்சு, 652ல, புத்த கயாவிலேர்ந்து ஒரு துறவி கடிதம் கொண்டு வர்றார். எழுதினவர் மகாபோதி மடத்து பிரக்ஞாதேவர். ஹீனயானக்காரர். ஹர்ஷர் காலத்துல கன்னோசியில இவங்க ரெண்டு பேருக்கும் சபையில பலத்த விவாதம், வார்த்தை தடிச்சிருக்கு. அவர்தான் இப்போ என்னென்ன நூல் வேணும்னு பட்டியல் அனுப்புங்க, எடுத்தெழுதி அனுப்பறோம்ங்கிறார். கூடவே ஒரு ஜோடி வெள்ளைத் துணி. வெறுங்கையோட எழுதக் கூடாதுன்னு அனுப்பறேன், வழி தூரம், கொஞ்சமா இருக்கேன்னு நினைக்காதீங்கன்னு ஒரு சமாதானம். அந்தப் பழைய விவாதத்துக்கு வருத்தமும் தெரிவிச்சிருக்கார்.

654ல அந்தத் தூதர் திரும்பிப் போறப்போ யுவான் சுவாங் பதில் கொடுத்து விட்டார். சபை கலைஞ்சதுமே என் மனசுல எதுவும் இல்லை, நீங்க ஏன் இன்னும் பிடிச்சு வச்சிருக்கீங்கன்னு கேட்கிறார். கேட்டுட்டு, மகாயானத்துக்கு வரக் கூடாதான்னு அதே கடிதத்துல மறுபடி ஆரம்பிச்சிடறார் :-) நாளந்தா நண்பர் ஞானப்பிரபருக்கும் ஒரு கடிதம். சீலபத்திரர் இறந்துட்டார்ங்கிற சேதி கேட்டு உடைஞ்சு போய் எழுதினது. அதோட கடைசியில, சிந்து நதியைக் கடக்கிறப்போ ஒரு பொதி நூல் போச்சு, பட்டியல் வச்சிருக்கேன், கிடைச்சா அனுப்புங்கன்னு ஒரு வேண்டுகோள்.

எனக்கும் அங்கே ஒருத்தன் இருந்தான். என் ஓட்டை ஜெர்மனைப் பொறுமையாக் கேட்ட முதல் ஆள். கடைசி செமஸ்டர்ல ப்ராஜெக்ட் விஷயத்துல சண்டை. தப்பு என் பேர்லதான். மன்னிப்பு மெயில் ரெண்டு வருஷமா டிராஃப்ட்லயே கிடக்கு.

போன வாரம் அப்பாகிட்ட இந்தக் கதை மொத்தமும் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு, "அந்தத் துணி பருத்தியா, பட்டா?"ன்னார்.

பருத்திப்பா.

"உன் சிநேகிதனுக்கும் பருத்தியே அனுப்பு. குளிருக்கு ஆகாது, ஆனா பரவாயில்ல."

பார்சல் கட்டணும். வேட்டியா, துண்டான்னுதான் இன்னும் முடிவாகலை.